பழைய ஆஃப்ரோடு வண்டியில் டேங்க் நிரம்ப மறுத்தால்: முழுமையான வழிகாட்டி

நாசிலைச் செருகி அழுத்தியதும் ‘டக்’கென்று கட் ஆகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி கட். கடைசியில் நாசிலைப் பாதி அழுத்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக நிரப்பிவிட்டு வருவீர்கள். பழைய ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள் இதை வண்டியின் குணம் என்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவதைப் பார்க்கிறேன். இது சரிசெய்யக்கூடிய கோளாறு. பெரும்பாலும் ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதும். எந்த ஹோஸ் என்று கண்டுபிடிக்கும் வரிசைதான் முக்கியம்.

புதிதாக இறங்குபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, எடுத்த எடுப்பிலேயே டேங்கை இறக்குவது. இன்னொன்று, எரிபொருள் உள்ளே போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டு, காற்று வெளியே வரும் வழியை மறந்துவிடுவது. கீழே உள்ள வரிசை எளிய சோதனையில் தொடங்கி, கடினமான வேலையில் முடிகிறது. எந்தப் படியில் கோளாறு தெரிகிறதோ அங்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

1. நாசில் ஏன் கட் ஆகிறது

நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். எரிபொருள் பாயும்போது அந்தத் துளை வழியாக நாசில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். துளையை எரிபொருளோ நுரையோ மூடினால் காற்று கிடைக்காது, உள்ளே வெற்றிடம் கூடும், அது ஒரு சவ்வை இழுத்து நாசிலை மூடிவிடும்.

டேங்க் நிரம்பிவிட்டதா என்பது நாசிலுக்குத் தெரியாது. தன் நுனி நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும். கழுத்தில், அதாவது நாசிலைச் செருகும் குழாயில், எரிபொருள் தேங்கினாலோ எதிர்த்து அடித்தாலோ, டேங்க் காலியாக இருந்தாலும் கட் ஆகும்.

சாதாரண பம்பு நிமிடத்துக்கு 35 முதல் 40 லிட்டர் வரை தள்ளும். அதே நிமிடத்தில் டேங்கிலிருந்து அதே அளவு காற்று வெளியேறியாக வேண்டும். அது வெளியேற முடியாவிட்டால் எரிபொருள் கழுத்திலேயே நிற்கும். வாய் குறுகிய குடத்தை நீரில் அமுக்கினால் குபுகுபுவென்று காற்று எதிர்த்து வருமே, அதேதான் கழுத்திலிருந்து டேங்குக்குப் போகும் பெரிய ஹோஸான உங்கள் ஃபில்லர் ஹோஸுக்குள்ளும் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் புரியும்.

2. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

டேங்கில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாக எரிபொருள் இருக்கட்டும். நிறைந்த டேங்கில் ஹோஸைக் கழற்றினால் எரிபொருள் கை மேல்தான் கொட்டும். காலி டேங்கில் ஆவி அதிகம், அதனால் காலியாக இருக்கிறது என்ற துணிச்சல் வேண்டாம்.

திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் பள்ளத்தில் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்பட்டிருக்க வேண்டும், எரிபொருள் தீயை அணைக்கும் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. தலைவிளக்கு போதும். கண்ணாடி பல்பு போட்ட கைவிளக்கு கீழே விழுந்து உடைந்தால் அதுவே நெருப்புக்குப் பொறி.

கருவிகள் அதிகம் தேவையில்லை: ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர் செட், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு, ஒரு மீட்டர் ஒளிபுகும் ரப்பர் குழாய், புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் இழை, நைட்ரைல் கையுறை, துணி, மார்க்கர், ஒட்டுநாடா. அடியில் படுத்து வேலை செய்வதானால் ஜாக்கி மட்டும் போதாது, தாங்கி வைத்தே ஆக வேண்டும்.

கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் விடாதீர்கள். டேங்க் உப்பும், தையல் விடும். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். அதற்காகத்தான் கைப்பம்பு.

3. அறிகுறியைச் சரியாக எழுதுங்கள்

‘நிரம்ப மாட்டேன் என்கிறது’ என்பது அறிகுறி ஆகாது. எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு இருக்கும்போது கட் ஆகிறது என்று எழுதினால், பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

செருகிய ஒரு நொடியில், மெதுவாக அழுத்தினாலும் கட் ஆகிறதா? தடை நாசிலுக்கு அருகிலேயே இருக்கிறது: கழுத்தின் தட்டு, மடிந்த ஹோஸ், டேங்க் வாயில் இறுகிப்போன தடுப்பு. ஆறாம், ஏழாம் படிகளைக் கவனமாகச் செய்யுங்கள்.

மெதுவாக விட்டால் போகிறது, வேகமாக விட்டால் கட் ஆகிறதா? காற்று வழி பாதி அடைத்திருக்கிறது. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எட்டாம் படி உங்களுக்கானது.

பாதி அல்லது முக்கால் வரை ஒழுங்காகப் போய், அதற்கு மேல் மறுக்கிறதா? டேங்கின் மேல் மூலையில் ஒடுக்கு விழுந்திருக்கலாம், அல்லது வண்டி சாய்ந்த தரையில் நின்றிருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உண்மையில் எவ்வளவு போனது என்று பம்பின் மீட்டரில் பாருங்கள். மீட்டர்படி டேங்க் நிறைந்து, வண்டியின் காட்டி மட்டும் முக்காலில் நின்றால், மிதவையோ காட்டியோதான் பழுது. நிரப்பும் வழியில் குறை இல்லை.

கட் ஆன பிறகு எரிபொருள் வெளியே துப்புகிறதா? உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ சத்தம் வருகிறதா, காற்று வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பம்பைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்

வண்டியைத் தொடும் முன் வேறொரு பம்பில் நிரப்பிப் பாருங்கள். சில நாசில்களின் உணர்திறன் அதிகம். லாரிகளுக்கான வேக பம்பில் டீசல் பிடித்தால் நல்ல வண்டியிலும் கட் ஆகலாம், காரணம் வேகமும் நுரையும்.

நாசிலைக் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள். திருப்பினால் சரியாகிறது என்றால், பாயும் எரிபொருள் கழுத்தின் வளைவில் மோதித் திரும்பி வருகிறது என்று பொருள். ஃபில்லர் மூடி உள்ள பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்தியும் பாருங்கள்.

இங்கே ஒரு பொதுவான தவறு. கேனிலிருந்து புனல் வைத்து ஊற்றிப் பார்த்துவிட்டு, “கேனில் நன்றாகப் போகிறது, வண்டியில் குறை இல்லை” என்று முடிவுகட்டுவார்கள். கேனில் ஊற்றும்போது பெரிய ஹோஸ் முழுதும் நிரம்பாது. எரிபொருள் அடியில் ஓடும், காற்று அதே ஹோஸின் மேல்பகுதியில் திரும்பி வந்துவிடும். டேங்கின் காற்றை வெளியே கொண்டுவரும் மெல்லிய ஹோஸான பிரீதர் முழுக்க அடைத்திருந்தால்கூட இந்தச் சோதனையில் தப்பிவிடும். கேனில்கூட எதிர்த்து வருகிறது என்றால் மட்டும் இந்தச் சோதனைக்கு மதிப்புண்டு: அப்போது பெரிய வழியே அடைத்திருக்கிறது.

5. மூடி

நிரப்பும்போது மூடி கழன்றிருப்பதால், நிரம்பாததற்கு அது நேரடிக் காரணமில்லை. ஆனால் அது சாட்சி சொல்லும். திறக்கும்போது காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டால், ஓடும்போது டேங்குக்குக் காற்று கிடைக்கவில்லை. மூடியின் வால்வோ, ஆவி வழியோ அடைத்திருக்கிறது. வெயிலில் நின்ற பெட்ரோல் வண்டியில் கொஞ்சம் காற்று வெளியே வருவது இயல்பு. மூடி மாற்றுவதானால் காற்றுத் துளை உள்ள வகையா, இல்லாத வகையா என்று பழையதைப் பார்த்து அதே வகையை வாங்குங்கள்.

6. கழுத்து

விளக்கடித்து உள்ளே பாருங்கள். ஈயமில்லாப் பெட்ரோல் வண்டிகளில் கழுத்தின் உள்ளே குறுகிய துளையும் ஸ்பிரிங் தட்டும் இருக்கும். தட்டு துருப்பிடித்துப் பாதி மட்டும் திறந்தால், நாசில் நுனி முழுதும் உள்ளே போகாது, தெறிப்பு நேராகத் துளையில் விழும். பழைய இரும்புக் கழுத்தில் துரு செதில் செதிலாகக் கிளம்பி, பிரீதர் வந்து சேரும் சின்ன வாயை மூடியிருப்பதும் உண்டு. அந்த வாய் கழுத்தின் மேல்பகுதியில் பக்கவாட்டில் இருக்கும். அதை விரலால் தடவிப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் முன், கழுத்தின் கீழே ஒரு துணியை அடைத்து, அதன் ஒரு முனையை வெளியே விட்டுக் கட்டிவையுங்கள். இல்லையென்றால் துரு முழுதும் டேங்குக்குள் போய் பம்பையும் ஃபில்டரையும் அடைக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை இங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் மோட்டார் தீப்பொறி விடும், நீங்கள் அதற்குப் பெட்ரோல் ஆவியை ஊட்டுகிறீர்கள்.

7. பெரிய ஹோஸ்

பின்சக்கர வளைவின் உட்கவசத்தைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் ஹோஸ் முழுதும் தெரியும். கழற்றாமல் முதலில் பாருங்கள், தடவுங்கள். மடிப்பு, நசுங்கல், வெடிப்பு, தொய்வு இருக்கிறதா?

ஆஃப்ரோடு வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் இங்கேதான் வருகிறது. கழுத்து பாடியில் பொருத்தியிருக்கும், டேங்க் சேஸிஸில் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் பாடி மவுண்ட் ரப்பர்கள். அந்த ரப்பர்கள் காலப்போக்கில் அமுங்கிவிட்டால் கழுத்து கீழே இறங்கும், ஹோஸ் தொய்ந்து வயிறு தள்ளும். வயிற்றில் எரிபொருள் தேங்கினால் காற்று திரும்ப வழியில்லை. ஹோஸை மட்டும் மாற்றினால் புது ஹோஸும் அப்படியே தொய்யும், மவுண்டைப் பார்க்க வேண்டும்.

பாடி லிஃப்ட் போட்ட, அதாவது சேஸிஸிலிருந்து பாடியை மட்டும் உயர்த்திய வண்டியில் நேர்மாறு. கழுத்து மேலே போய்விடும், ஹோஸ் விறைத்து இழுபடும், கிளிப் இருக்கும் இடத்தில் நழுவும், வளைவில் தட்டையாகும். நீளமான ஹோஸ் போட வேண்டும். சஸ்பென்ஷன் லிஃப்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதில் பாடியும் சேஸிஸும் சேர்ந்துதான் உயர்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாத ஹோஸ் வாங்குபவர்கள் நிறைய.

பிறகு ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து, நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் ஊத வைக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது உள்தோல் தனியே நகர்ந்தால் அந்த ஹோஸ் முடிந்தது.

ஹோஸ் டேங்கோடு சேரும் வாயில் சில வண்டிகளில் ஒரு தடுப்புத் தட்டு இருக்கும். எரிபொருள் திரும்பி வராமல் தடுப்பது அதன் வேலை. நைலான் இழையின் நுனியால் மெல்லத் தள்ளினால் திறந்து, விட்டால் மூட வேண்டும். மூடியே கிடந்தால் நாசில் உடனே கட் ஆகும். திறந்தே கிடந்தால் கட் ஆன பிறகு துப்பும்.

8. பிரீதர்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

பெரிய ஹோஸுக்குப் பக்கத்திலேயே ஓடும் மெல்லிய ஹோஸ்தான் பிரீதர். டேங்கின் உச்சியிலிருந்து கழுத்தின் மேல்பகுதிக்குக் காற்றைக் கொண்டுவரும். சின்னதாக இருப்பதால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. பெரிய ஹோஸை மாற்றும்போதுகூட இதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பாதையைக் கண்ணால் தொடருங்கள். டேங்கிலிருந்து கழுத்து வரை அது ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடம் தாழ்ந்தால், பக்கவாட்டில் சாய்ந்து ஓட்டும்போது உள்ளே வரும் எரிபொருள் அங்கே தங்கிவிடும். ஹோஸில் அடைப்பே இருக்காது, ஆனால் அந்தத் தேக்கம் காற்றைத் தடுக்கும். தார் ரோட்டில் ஓட்டிய வாரங்களில் ஒழுங்காக நிரம்பி, மேடுபள்ளத்தில் ஓட்டிய மறுநாள் மறுக்கும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்தத் தாழ்வைத்தான். ஒரு கிளிப் போட்டு ஹோஸைத் தூக்கிக் கட்டினால் தீர்ந்தது.

டேங்குக்கும் பாடியின் தரைக்கும் நடுவில் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் பாறை இடித்து, கவசத் தகடு மேலே தள்ளப்பட்டு, டேங்க் உயர்ந்து, ஹோஸைப் பாடியோடு அமுக்கியிருக்கும். டேங்கின் மேலே நடப்பது கீழிருந்து தெரியாது. கவசத்தில் புது ஒடுக்கு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது காற்றுச் சோதனை. மூடியைத் திறந்து வையுங்கள். பிரீதரைக் கழுத்துப் பக்கம் கழற்றி, ஒளிபுகும் குழாய் வழியாகக் கைப்பம்பை இணைத்து மெல்ல அடியுங்கள். காற்று எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். கை தடுக்கப்பட்டால் அடைப்பு. குபுகுபுவென்று சத்தம் கேட்டால் ஹோஸில் எங்கோ எரிபொருள் தேங்கியிருக்கிறது. டேங்கில் கால் பங்குதான் இருக்கிறது என்பதால் அந்தச் சத்தம் டேங்கிலிருந்து வர வாய்ப்பு குறைவு.

அடுத்து, டேங்க் பக்கமும் கழற்றி, ஹோஸைத் தனியே எடுத்து இரண்டு திசையிலும் அடித்துப் பாருங்கள். இரண்டு திசையும் அவசியம். உள்தோல் உரிந்த ஹோஸ் ஒருவழி வால்வுபோல நடந்துகொள்ளும். ஒரு பக்கம் அடித்தால் காற்று தோலை ஒதுக்கிவிட்டுப் போகும், மறுபக்கம் அடித்தால் தோல் வழியை மூடிவிடும். ஒரு திசையில் மட்டும் சோதித்துவிட்டு, ‘நல்ல ஹோஸ்’ என்று திரும்ப மாட்டுவது மிகப் பரவலான தவறு.

பாதையில் இரும்புக் குழாய்த் துண்டு இருந்தால் நைலான் இழையை விட்டு எடுங்கள். சேறு, துரு, குளவிக்கூடு, மூன்றும் வரும். சின்னத் துளையில் மண்கூடு கட்டும் குளவிக்கு, நீண்ட நாள் நின்ற வண்டியின் திறந்த குழாய் ஏற்ற இடம். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். அது உரசும், சில நேரம் அடைப்பை இன்னும் உள்ளே தள்ளும்.

9. ஆவி வழியும் கேனிஸ்டரும்

டீசல் வண்டியில் இது எளிது. டேங்கின் மேலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பிச் சேஸிஸில் எங்கோ திறந்திருக்கும். அந்த முனை சேற்றில் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஆற்றைக் கடந்து பழகியவராக இருந்தால் அந்த முனையை உயரமான இடத்துக்கு மாற்றி ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள்.

பெட்ரோல் வண்டியில் இந்த வழி கரி கேனிஸ்டருக்குப் போகும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி அடைத்த டப்பா அது. இதற்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. நிரப்பும்போது வரும் ஆவியையும் வண்டியே பிடித்துவைக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் 1998 மாடல் கார்களில் தொடங்கி, 2006 வாக்கில் இலகுரக டிரக்குகள் வரை படிப்படியாக வந்தது. அந்த ஏற்பாடு உள்ள வண்டியில் நிரப்பும்போதே காற்று முழுதும் கேனிஸ்டர் வழியாகத்தான் வெளியேறும். கேனிஸ்டர் அடைத்தால் டேங்க் நிரம்பவே நிரம்பாது. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பகுதிக் காற்று பிரீதர் வழியாகக் கழுத்துக்கே வந்துவிடும், கேனிஸ்டர் இரண்டாம் சந்தேகம்தான்.

சோதனை இதுதான்: கேனிஸ்டருக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றுங்கள். கைப்பம்பால் கேனிஸ்டருக்குள் அடித்தால், அதன் புதுக்காற்று வாயில் காற்று வர வேண்டும். அந்த வாய் பல வண்டிகளில் தாழ்வாக இருப்பதால் தூசியும் சேறும் நேராக அங்கே போகும். கழற்றிய ஹோஸில் கரிய மணிகள் கொட்டினால் கேனிஸ்டர் உள்ளே உடைந்துவிட்டது. அந்த மணிகள் வால்வுகளையும் அடைத்திருக்கும், புதுக் கேனிஸ்டர் போடும் முன் ஹோஸ் முழுவதையும் துடையுங்கள்.

நாசில் கட் ஆன பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தி அழுத்தி நிரப்புவதை நிறுத்துங்கள். ஆவிக்காக உள்ள கேனிஸ்டரில் திரவம் புகுந்தால் கரி நனைந்து கெடும்.

10. வேறு வழியில்லை என்றால் டேங்கை இறக்குங்கள்

வெளியே எல்லாம் சரி, இன்னும் மறுக்கிறது என்றால்தான் இது. முதலில் எரிபொருளை வடித்துவிடுங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ. 60 லிட்டர் என்றால் 50 கிலோ அலைபாயும் எடை, ஜாக்கியின் மேல் நிலையாக நிற்காது. எரிபொருளுக்கென்று உள்ள கேனில், கேனைத் தரையில் வைத்துப் பிடியுங்கள்.

ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டி, புகைப்படமும் எடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஹோஸ்களை இடம் மாற்றி மாட்டிவிட்டு, பழைய கோளாறு போய்ப் புதுக் கோளாறு வந்ததென்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டேங்கின் அடியில் பலகை வைத்து ஜாக்கியில் தாங்கி, பட்டைகளைத் தளர்த்தி, ஒரு சாண் இறக்கி, மேலே உள்ள ஹோஸ்களைக் கழற்றிய பிறகே முழுதும் இறக்குங்கள்.

மேலே உள்ள ஒவ்வொரு முனையிலும் நைலான் இழை விட்டுப் பாருங்கள். கவிழ்ந்தால் மூடும் வால்வைக் கழற்ற முடிந்தால், நிமிர்த்திப் பிடித்துக் காற்றடித்தால் போக வேண்டும், கவிழ்த்தால் மூட வேண்டும். பிரீதர் கிளம்பும் மூலையில் ஒடுக்கு விழுந்திருந்தால், அந்த இடம் டேங்கின் உச்சியாக இல்லாமல் போய்விடும். எரிபொருள் சீக்கிரமே குழாய் வாயைத் தொட்டுவிடும். பாதியில் மறுப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒடுக்கெடுக்கவோ ஓட்டை அடைக்கவோ டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். கழுவிக் காயவைத்த டேங்கிலும் மடிப்புகளில் ஆவி இருக்கும், வெடிக்கும். அதற்கென்று பழகிய பட்டறையில் கொடுங்கள், அல்லது வேறு டேங்க் போடுங்கள்.

இரண்டு டேங்க் உள்ள வண்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி பிரீதர் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சேர்த்த துணை டேங்குகளில், இரண்டு பிரீதரையும் ஒரே மெல்லிய குழாயில் இணைத்திருப்பார்கள். அது ஒருநாளும் வேகமாக நிரம்பாது.

11. திரும்ப மாட்டும்போது

எரிபொருளுக்கென்று தயாரித்த ஹோஸ் மட்டும். ஃபில்லருக்கும் பிரீதருக்கும் ஏற்ற தரம் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6, ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும். ரேடியேட்டர் ஹோஸ் அளவில் பொருந்தும், ஆனால் பெட்ரோல் பட்டதும் ஊதி, உள்வழி குறுகிவிடும். கூர்மையான திருப்பத்தில் நேர் ஹோஸை வளைத்து மாட்டாதீர்கள். அச்சில் வார்த்த வளைவு ஹோஸ் போடுங்கள்.

கிளிப்பை அளவோடு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் மெல்லிய குழாய் முனை நசுங்கும், ரப்பரும் வெட்டுப்படும்.

12. நிரப்பிப் பாருங்கள்

முதலில் கேனிலிருந்து 5 லிட்டர் ஊற்றி, எல்லா இணைப்பையும் விரலால் தடவிக் கசிவு பாருங்கள். பிறகுதான் பெட்ரோல் பங்குக்குப் போங்கள். சமதளத்தில் நிறுத்தி, நாசிலை முழுதும் செருகி, முழு வேகத்தில் விடுங்கள். கட் ஆகாமல் நிறைந்தால் வேலை முடிந்தது. நிறைந்த டேங்கோடு கொஞ்ச தூரம் ஓட்டி, பக்கவாட்டில் சற்றுச் சாய்வாக நிறுத்தி, மறுபடி அடியில் பாருங்கள். மேல்பகுதி இணைப்புகளின் கசிவு, டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் தெரியும். ஒரு வாரம் ஓட்டியபின் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.